கண்டவர் சொல்லட்டும்

திருவிளையாடற் புராணத்தின் கடைசித் திருவிளையாடல் ஒரு திருமணச் சாட்சி வழக்கு. உறவினர் யாருமில்லாத திருப்புறம்பியத்தில், வன்னி மரத்தையும் கிணற்றையும் சிவலிங்கத்தையும் சாட்சியாக வைத்து ஒரு வணிகன் தன் மாமன் மகளை மணக்கிறான். மதுரைக்கு வந்த பிறகு அவனுடைய மூத்த மனைவி இளையவளிடம், உன் கல்யாணத்துக்குச் சாட்சி யார் என்று கேட்கிறாள். அந்த ஊரில் அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை. அவள் இறைவனிடம் முறையிட, மரமும் கிணறும் லிங்கமும் மதுரைக் கோயிலுக்கே வந்து நின்றன என்று பாடி முடிக்கிறார் பரஞ்சோதி முனிவர். திருப்புறம்பியத்து இறைவன் இன்றும் சாட்சிநாதர் என்றே வணங்கப்படுகிறார்.

கேட்பது சக்களத்தியாக இருந்தாலும் அரசாங்கமாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். அமெரிக்கக் குடிமகனையோ கிரீன் கார்டு வைத்திருப்பவரையோ மணந்து அங்கே குடியேற விண்ணப்பிப்பவர்கள் அதற்கு ஆண்டுதோறும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மணச் சான்றிதழ் மட்டும் போதாது. திருமணம் நடந்தது என்பதை அது காட்டும். குடும்பம் நடக்கிறதா என்பதற்கு வேறு சான்று வேண்டும். அமெரிக்கக் குடியேற்ற விதிமுறை அதற்கொரு பட்டியல் வைத்திருக்கிறது: கூட்டாக வாங்கிய சொத்து, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஒன்றாகக் கையாளும் பணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். அவற்றோடு, அந்த மணவாழ்வை நேரில் அறிந்த மூன்றாம் நபர்களின் பிரமாணப் பத்திரங்கள். மற்ற தாள்களை வங்கியும் வீட்டுக்காரரும் மருத்துவமனையும் தந்துவிடும். கடைசியாகச் சொன்னதை நண்பர்தான் தரவேண்டும்.

பலர் இதை ஒரு சடங்காகவே முடித்துவிடுகிறார்கள். யாரோ எழுதிய மாதிரியில் பெயரை மாற்றி, நான்கு நண்பர்களிடம் கையெழுத்து வாங்கி, விண்ணப்பக் கட்டின் அடியில் செருகிவிடுகிறார்கள். எழுதிக் கொடுப்பவரும் கல்யாண வாழ்த்துமடல் எழுதும் மனநிலையில்தான் எழுதுகிறார். ஆனால் அந்த ஒரு தாளுக்குப் பின்னால் நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது. அந்நியர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி யார் சொன்னால் அரசு நம்பும் என்ற வழக்கின் வரலாறு அது.

அந்த வழக்கு தோலின் நிறத்தில் தொடங்கியது. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1892-இல் வந்த கீரி சட்டம், ஏற்கெனவே அங்கே இருந்த சீனத் தொழிலாளர்களும் வசிப்புச் சான்றிதழ் பெறவேண்டும் என்றது. ஓராண்டுக்குள் வாங்கத் தவறியவர் நாடு கடத்தப்படுவார். நோயாலோ விபத்தாலோ வாங்க முடியாமல் போனவர் தப்ப வேண்டுமானால், தாம் அங்கே வசித்தவர் என்பதை நம்பத்தகுந்த வெள்ளையர் ஒருவராவது சாட்சி சொல்லி நிரூபிக்க வேண்டும். சட்டத்தின் வாசகமே அப்படித்தான் இருந்தது. சலவைக்கடை நடத்திய சீனரின் வாழ்க்கையைப் பக்கத்துக் கடைச் சீனர் அறிவார், கூட உண்டவர் அறிவார், வாடகையைப் பங்கிட்டவர் அறிவார். அவர்களில் ஒருவர் சொல்லும் செல்லாது.

இதை எதிர்த்து மூன்று சீனர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களில் ஒருவர் சான்றிதழ் கேட்டுப் போனபோது சீனச் சாட்சிகளையே அழைத்துச் சென்றிருந்தார். அதிகாரி அவர்களை ஏற்கவில்லை. 1893 மே மாதம், ஃபாங் யூ டிங் வழக்கில், ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் வந்த திருத்தம் ‘வெள்ளையர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘சீனர் அல்லாத’ சாட்சி என்று மாற்றியது. வெளிநாடு போய்த் திரும்பும் சீன வணிகர், தாம் வணிகர்தாம் என்று காட்ட இப்படிப்பட்ட சாட்சிகள் இருவரை நிறுத்த வேண்டியிருந்தது. உண்மையை நெருங்கி அறிந்தவனின் வாயை அடைத்துவிட்டு, எட்டத்தில் நின்றவனிடம் விசாரித்தது சட்டம்.

சொல்லை நம்பாத அரசு தாளை நம்பியது. 1906-இல் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தபோது நகரத்தின் பிறப்புப் பதிவேடுகளும் எரிந்துபோயின. தாம் அமெரிக்காவில் பிறந்தவர் என்று சொல்லிக்கொண்ட சீனரை மறுக்க ஏடு இல்லை. அந்த இடைவெளியில்தான் பெற்ற மகனல்லாத ஒருவனைத் தாளில் மட்டும் மகனாக்கி அழைத்து வரும் ‘காகித மகன்கள்’ உருவானார்கள். அதற்கு மறுமொழியாக 1910-இல் திறந்த ஏஞ்சல் தீவுக் குடியேற்ற நிலையத்தில் கேள்விகள் குவிந்தன. உன் வீட்டு வாசற்படிகள் எத்தனை, கிணறு எந்தப் பக்கம், அடுத்த வீட்டுக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். கரையில் இருக்கும் உறவினரையும் சாட்சிகளையும் தனியாக விசாரித்து, இரு தரப்புப் பதில்களையும் ஒப்பிட்டார்கள். மெய்யான மகன் மறந்து தடுமாறினான். காகித மகன் மனப்பாடம் செய்து தேறினான். நம்ப மறுக்கும் விசாரணை பொய்யைத் தடுப்பதைவிட, பொய்க்கு நல்ல பயிற்சி கொடுக்கும் என்ற பாடம் அங்கே எழுதப்பட்டது. 1940 வரை அந்தத் தீவு இயங்கியது.

இதே காலத்தில் இன்னொரு கடற்கரையில், தமிழர் மறக்கமுடியாத ஒரு வழக்கு நடந்தது. தென்னாப்பிரிக்காவில் இருந்த கணவரோடு சேர்ந்து வாழ இந்தியாவிலிருந்து வந்த பாய் மரியம் என்ற பெண்ணுக்கு நாட்டில் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதமுறைப்படி நடந்த அவர் திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பின் நிழலில் இந்து, முஸ்லிம், பார்சி மனைவியர் அனைவருமே சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாமல் போகும் ஆபத்து எழுந்தது. ஊரும் உறவும் கூடி வாழ்த்திய திருமணங்கள் ஒரே நாளில் சாட்சியற்றவை ஆயின.

அதுவரை வீட்டுக்குள் இருந்த பெண்கள் அதன் பிறகுதான் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அந்தப் போராட்டத்தில் கைதான தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் தம் பதினாறாம் வயதில் உயிர்விட்டார். அதே ஆண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் இந்தியர்மீது சுமத்தியிருந்த மூன்று பவுண்டு வரியை நீக்கியதோடு, இந்திய முறைப்படி மணந்த ஒரு மனைவியை மனைவியாக ஏற்றது. வள்ளியம்மையை நாம் விடுதலைப் போராட்ட வரிசையில் வைத்து நினைக்கிறோம், சரிதான். எங்கள் திருமணம் திருமணம்தான் என்று குடியேற்ற அதிகாரியிடம் சொல்லும் உரிமையும் அந்தப் போராட்டத்தில் இருந்தது.

அமெரிக்காவில் அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போரோடு வந்தது. 1945 டிசம்பர் 28-இல் நிறைவேறிய போர் மணமகளிர் சட்டம், படைவீரர்களின் வெளிநாட்டு வாழ்க்கைத்துணைவரைத் தடையின்றி வரவழைக்க வழி செய்தது. அதன் வழியே வந்தவர்களின் இரண்டு கதைகள் சாட்சியத்தின் இரு முகங்களைக் காட்டுகின்றன.

முதல் கதை எலன் நாஃப் என்ற ஜெர்மானியப் பெண்ணுடையது. அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஒருவரை 1948-இல் மணந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். எல்லிஸ் தீவில் தடுத்து வைத்தார்கள். காரணம் கேட்டால், ரகசியத் தகவல் என்றார்கள். யார் சொன்னார், என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரிவிக்கவில்லை. விசாரணையே இல்லாமல் அவரை வெளியேற்றலாம் என்று 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது. பத்திரிகைகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் எழுப்பிய குரலால் கடைசியில் விசாரணை நடந்தது. ரகசியம் என்று காத்து வைத்திருந்தது பெரும்பாலும் காதுவழிச் செய்தி என்று மேல்முறையீட்டு வாரியம் கண்டது. 1951 நவம்பரில் அவர் உள்ளே விடப்பட்டார். பெயரும் முகவரியும் இல்லாத ஒருவரின் சொல் ஒரு மணவாழ்வை மூன்றாண்டு நிறுத்தி வைத்திருந்தது.

இரண்டாவது, 1953-இல் தீர்ந்த லுட்வாக் வழக்கு. முன்னாள் படைவீரர்கள் சிலர் பாரிஸுக்குப் போய், அகதிகளாக இருந்தவர்களை மணந்து, அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்க்கைத்துணைவர் என்று அழைத்து வந்தார்கள். வந்த பின் கணவன் மனைவியாக வாழவில்லை. வாழும் எண்ணமும் அவர்களுக்கு இல்லை. பிரெஞ்சுச் சட்டப்படி அந்தத் திருமணம் செல்லுமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. சேர்ந்து வாழும் நோக்கம் இருந்ததா என்று மட்டும் பார்த்துச் சதிக்குற்றத்தை உறுதி செய்தது. இன்றைய கேள்விகள் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. மணமேடையில் நடந்ததை விட்டுவிட்டு மனத்தில் இருந்ததைத் தேடத் தொடங்கியது சட்டம். மனத்தைப் பார்த்தவர் யாருமில்லை. அதன் தடயங்களைப் பார்த்தவர்கள்தான் உண்டு. அண்டை அயலாரும் நண்பர்களும் சட்டத்துக்குத் தேவைப்பட்டது அதனால்தான்.

1975-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க் வழக்கில் இந்த அளவுகோலை மனிதத் தன்மையோடு தீட்டியது. கொரியாவில் காதலித்து ஹவாயில் மணந்த இருவர் சண்டையிட்டுப் பிரிந்தனர். பிரிவே போலித் திருமணத்துக்குச் சான்று என்றது அரசு. நீதிமன்றம் ஏற்கவில்லை. மணந்த நேரத்தில் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி என்றது. குடியேறியவர்களின் திருமணம் மற்றவர்களுடையதைவிட வெற்றிகரமாக இருந்தாக வேண்டும் என்று கேட்க அரசுக்கு உரிமை இல்லை என்றும் சொன்னது. பிரமாணப் பத்திரம் எழுதும் நண்பர்கள் மனத்தில் வைக்க வேண்டிய தீர்ப்பு இது. குறையே இல்லாத தம்பதியரைச் சட்டம் கேட்கவில்லை.

ஆனால் பதினோரு ஆண்டில் சந்தேகம் மீண்டும் மேலேறியது. குடியேற்றத் துறையின் தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன், இத்தகைய மணங்களில் நூற்றுக்கு முப்பது போலியாக இருக்கலாம் என்று சாட்சியளித்தார். அந்த எண்ணின் பலத்தில் 1986-இல் திருமண மோசடித் திருத்தச் சட்டம் வந்தது. மணமாகி இரண்டாண்டு நிறையாதவருக்கு நிபந்தனையோடு கூடிய கிரீன் கார்டு. அந்தக் கார்டின் இரண்டாம் ஆண்டு முடிவதற்கு முந்தைய 90 நாளில் இருவரும் சேர்ந்து மறுபடி மனு. போலி மணத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். சட்டம் வந்த பின்னர்தான், அந்த முப்பது விழுக்காட்டுக்கு அடிப்படையான ஆய்வு புள்ளியியல்படி நிற்காது என்பது நீதிமன்ற வழக்கில் வெளிப்பட்டது. எண் போய்விட்டது, சட்டம் இருக்கிறது. நிபந்தனையை நீக்கக் கோரும் மனுவிலும் இருவரையும் அறிந்த நண்பர்களின் பிரமாணப் பத்திரங்களுக்கு இடம் உண்டு.

தாளால் சொல்லமுடியாத வாழ்வுகளில் இந்த நண்பர்களின் சொல்லே பெருந்துணை. கணவனிடம் அடிபடும் பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்காது. வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரை அவன் சேர்த்திருக்க மாட்டான். 1994-இல் வந்த பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் அவள் கணவனின் தயவின்றித் தானே மனுச் செய்ய வழி திறந்தது. நம்பத்தகுந்த எந்தச் சான்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் விதித்தது. கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக்காரியின் எழுத்து அங்கே சான்றாயிற்று. ஒருபால் இணையர் கதையும் அப்படித்தான். ரிச்சர்ட் ஆடம்ஸும் ஆண்டனி சல்லிவனும் 1975-இல் கொலராடோவின் போல்டரில் முறையாக மண உரிமம் பெற்றவர்கள். அந்த மணத்தின் பேரில் சல்லிவனுக்காகப் போட்ட மனுவுக்கு, குடியேற்றத் துறை அவர்களை இழிவான சொல்லால் குறிப்பிட்டே மறுப்புக் கடிதம் அனுப்பியது. 2012-இல் ஆடம்ஸ் இறந்தார். 2013-இல், ஒருபால் மணங்களை நடுவண் அரசு ஏற்க வழிவிட்ட உச்ச நீதிமன்றத்தின் விண்ட்சர் தீர்ப்பு வந்தது. 2016-இல் சல்லிவனுக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டும் அவர்கள் தம்பதியர் என்பதை நண்பர்கள் அறிந்திருந்தார்கள். அரசுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு இன்றைய விதிமுறையைப் படித்தால் அது கேட்பது வேறாகத் தெரியும். எழுதுபவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த ஊர், தம்பதியரோடு அவருக்குள்ள உறவு, இந்த மணவாழ்வைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்ற முழு விவரம். தேவைப்பட்டால் அதிகாரி அவரை நேரில் அழைத்து விசாரிக்கலாம். நிறத்தைக் கேட்கவில்லை. அமெரிக்கக் குடிமகனாக இருக்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. பெயரில்லாச் சாட்சிக்கு இடமே இல்லை. கீரி சட்டத்தின் அநீதியையும் எலன் நாஃபுக்கு நேர்ந்ததையும் இந்தச் சில வரிகள் திருத்தி நிற்கின்றன. ஒரு குறை மட்டும் உண்டு: தாமே சரியான விசா இல்லாமல் இருக்கும் நண்பர், முகவரியையும் பிறந்த ஊரையும் எழுதித்தர அஞ்சுவார். அவரை வற்புறுத்துவது நட்பாகாது.

மற்றவர்கள் எழுதலாம், எழுதும் முறைதான் முக்கியம். ‘இவர்கள் ஒருவரையொருவர் உயிராக நேசிக்கிறார்கள்’ என்ற வரியை அதிகாரி ஆயிரம் முறை படித்திருப்பார். வேண்டியவர் வேண்டியதைத்தானே எழுதுவார் என்று ஒதுக்கிவிடுவார். நேசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு, கண்டதைச் சொல்லவேண்டும். பொங்கலன்று அவர்கள் வீட்டுக்குப் போனது, அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவன் தினமும் காரில் கொண்டுவிட்டது, அவன் தந்தை இறந்தபோது அவள் விடுப்பெடுத்துக்கொண்டு உடன் ஊருக்குப் போனது, வீடு மாற்றிய நாளில் பெட்டி தூக்கியது. எந்த மாதம், எந்த ஊர், கூட யார் என்று எழுதினால் அது சாட்சியம். சமையல் பற்றியோ செலவு பற்றியோ அவர்கள் சண்டையிட்டது நினைவிருந்தால் அதையும் எழுதலாம். குடித்தனத்தில் சண்டை இல்லை என்றால்தான் சந்தேகம் வரும்.

நம் பெண் பார்க்கும் முறைத் திருமணங்களுக்கு இது இன்னும் பொருந்தும். மூன்று வார விடுப்பில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போன மாப்பிள்ளைக்கு, மணத்துக்கு முந்தைய காதல் கடிதங்களும் சுற்றுலாப் படங்களும் இருக்காது. ஆயிரம் பேர் உண்டு போன கல்யாணம் என்பது அந்த அதிகாரிக்கு ஒரு படத்தொகுப்பு மட்டுமே. வரன் யார் வழி வந்தது, இரு குடும்பமும் எப்படிப் பழக்கம், மணத்துக்குப் பின் இருவரும் எப்படி நாளை நடத்துகிறார்கள் என்பதை உள்ளிருந்து அறிந்தவர் விளக்கவேண்டும். மாப்பிள்ளையை மட்டும் அறிந்த அலுவலக நண்பர், அவன் சொல்லக் கேட்டதை எழுதினால் எடை குறைவு. இருவரோடும் பழகிய ஒருவரின் ஒரு பக்கம் அதைவிட மேல்.

முத்திரைத்தாளும் நோட்டரி முத்திரையும் இல்லாவிட்டால் செல்லாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனையை ஏற்று, இது உண்மை என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட்டால் பிரமாணத்துக்கு ஈடாகக் கொள்ளலாம் என்று அமெரிக்கா 1976-லேயே சட்டம் செய்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ எழுதுபவர் ‘அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ்’ என்று சேர்க்கவேண்டும். தமிழில் எழுதலாம், தகுதியுள்ள ஒருவர் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு உடன் போகவேண்டும். தடுமாறும் ஆங்கிலத்தில் பிறர் எழுதியதில் கையெழுத்திடுவதைவிட, தன் தமிழில் தானே எழுதுவது நல்லது. நான்கு நண்பர்களின் கடிதங்களில் ஒரே வாக்கியம் ஒரே இடத்தில் வந்தால், நான்கும் சேர்ந்து ஒன்றின் மதிப்பைக்கூடப் பெறாது.

பொய்யாக எழுதித் தருவது உதவியும் அல்ல. போலி மணம் என்று ஒருமுறை முடிவானால், பின்னாளில் உண்மையாக மணந்தாலும் அந்த நபருக்காகப் போடும் மனுவை அமெரிக்கச் சட்டம் ஏற்பதில்லை. எழுதியவரும் குற்ற வழக்கைச் சந்திக்க நேரும்.

அரசுக்கும் ஒன்று சொல்லியாகவேண்டும். கூட்டு வங்கிக் கணக்கும் வீட்டுக்கடனும் உள்ள தம்பதியருக்குத் தாள் கட்டுக்கட்டாகச் சேரும். உறவினர் வீட்டு அறையில் ஒண்டிக் குடியிருக்கும் இளம் தம்பதியருக்கு இருப்பது கண்டவரின் சொல் மட்டுமே. அதைக் கடைசித் தரச் சான்றாகப் புரட்டித் தள்ளுவது, திருமணத்தின் உண்மையைச் சொத்தின் அளவால் அளப்பதாகும். ஒரு காலத்தில் சாட்சியின் நிறத்தைப் பார்த்த அரசு, இன்று விண்ணப்பதாரரின் வங்கி இருப்பைப் பார்த்துச் சாட்சியை எடைபோடக் கூடாது.

நாளை ஒரு நண்பர் வந்து, எங்களுக்காக ஒரு பத்திரம் எழுதித் தருவாயா என்று கேட்டால், அவர் நீட்டும் மாதிரியை வாங்காதீர்கள். ஓர் ஒழிந்த மாலையில் உட்கார்ந்து, அந்த இருவரையும் நீங்கள் கண்ட நாள்களை நினைவுகூர்ந்து எழுதுங்கள். கண்டதை முழுதாக எழுதுங்கள். காணாததை எழுதச் சொன்னால், நட்பின் பெயராலேயே மறுத்துவிடுங்கள்.